தொப்புள் வழியே ஒரு கண்

பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் வயிறு வலிக்கிறது என்கிறான். எங்கே என்று கேட்டால் தொப்புளைச் சுற்றி உள்ளங்கையால் ஒரு வட்டம் போடுகிறான். அடுத்து நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். தொப்புளில் விளக்கெண்ணெய், பெருங்காயம் கரைத்த வெந்நீர், ‘குடல் ஏறியிருக்கும், தட்டிவிட்டால் சரியாகிவிடும்’ என்று பக்கத்து வீட்டு யோசனை. ராத்திரி ஒரு வாந்தி. விடியும்போது வலி தொப்புளை விட்டுவிட்டு வலப்பக்க அடிவயிற்றில் போய் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை. வீறிட்டு அழும்போது தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு ஒரு புடைப்பு. தூங்கிவிட்டால் அது காணோம். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் அங்கே குழந்தை சமர்த்தாகச் சிரிக்கிறது, புடைப்பும் இல்லை. வலி ஏன் இடம் மாறுகிறது? வீக்கம் ஏன் வந்து வந்து ஒளிகிறது? முதலாவது குடல்வால் அழற்சி, ஊர்ப் பேச்சில் அப்பெண்டிஸ். இரண்டாவது கவட்டைக் குடலிறக்கம், எல்லாரும் சொல்வதுபோல ஹெர்னியா. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற நடுத்தர ஊர்களின் பெற்றோர்கூட இன்று இவ்விரண்டுக்கும் ‘லேப்ராஸ்கோப்பி செய்யலாமா’ என்று கேட்கிறார்கள். வயிற்றில் சிறு துளை போட்டு, உள்நோக்கிக் குழலால் உள்ளே பார்த்தபடி செய்யும் அறுவை அது. தழும்பு தெரியாது என்பதுதான் அவர்கள் கேள்விப்பட்ட பெருமை. தழும்பு இதில் சின்ன விஷயம் என்பது என் கட்சி. இந்த முறை கொடுப்பது பார்வை. அந்தப் பார்வை குடல்வாலில் நன்றாகக் கைகொடுக்கிறது. குடலிறக்கத்திலோ கொஞ்சம் உதவுகிறது, கொஞ்சம் குழப்புகிறது.

குடல்வால் என்பது பெருங்குடல் தொடங்கும் இடத்தில் தொங்கும், சுண்டுவிரல் போன்ற ஒரு குழாய். ஒரு முனை மட்டும் திறந்த முட்டுச்சந்து. கெட்டிப்பட்ட மலத்துணுக்கோ, உள்சுவரில் வீங்கிய நிணத்திசுவோ அந்த வாயை அடைத்தால், உள்ளே சுரக்கும் சளிக்கு வழியில்லை. குழாய் உப்புகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, கிருமிகள் பெருகுகின்றன. உப்பும் குழாயிலிருந்து கிளம்பும் நரம்புச் செய்தி, முதுகுத்தண்டில் தொப்புள் தோலின் நரம்பு வந்து சேரும் அதே படியில் வந்து சேர்கிறது. குடல் நரம்புகள் அதிக விவரம் சொல்வதில்லை. வீட்டு எண்ணும் தெருவும் இல்லாமல் 626117 என்று பின்கோடு மட்டும் எழுதிய கடிதம் போல அது. ராஜபாளையம் என்று தெரியும், எந்த வீடு என்று தெரியாது. மூளை ‘தொப்புள் பக்கம்’ என்று குத்துமதிப்பாக எடுத்துக்கொள்கிறது. பல மணி நேரம் கழித்து அழற்சி குழாயின் வெளிச்சுவரைத் தாண்டி வயிற்றின் உள்ளுறையைத் தொடுகிறது. அந்த உறைக்குத் தோலுக்கு உள்ளது போன்ற கூர்மையான நரம்பு உண்டு. இப்போதுதான் கடிதத்தில் முழு முகவரி ஏறுகிறது: வலது, கீழே, இங்கே. வலி இடம் மாறவில்லை. அதன் முகவரி தெளிந்திருக்கிறது. எண்ணெய் வைத்துக் காத்திருந்த அந்த ராத்திரியில் நோய் ஒரு சுவரைக் கடந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் இந்தக் கதை பாடப்புத்தகம் போல வரும். ஐந்து வயதுக்குக் கீழே அப்படி வராது. குழந்தைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. வாந்தி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வேறு வேஷத்தில் வரும். பெரியவர்கள் வயிற்றில் குடலின் முன்னால் கொழுப்பேறிய ஒரு திரை தொங்குகிறது. குடல்வால் கிழிந்தால் அது ஓடிப்போய்ச் சுற்றிக்கொண்டு சீழைத் தடுக்கும். சின்னக் குழந்தைக்கு அந்தத் திரை மெல்லியது, குட்டையானது. அந்த வயதில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் குடல்வால் ஓட்டை விழுந்த பிறகே மேசைக்கு வருகிறார்கள். ஆகவே மருத்துவர்கள் சில எளிய சோதனைகளை நம்புகிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது: பையனை இறக்கி விட்டு, ‘வலது காலில் நொண்டியடிச்சுக் காட்டு’ என்பது. வயிற்றின் உள்ளுறை கனன்றுகொண்டிருந்தால் ஒரு தத்துக்கு மேல் தத்த மாட்டான். முகம் சுளிக்கும், கை வலப்பக்கம் போகும். 2002இல் மதன் சாமுவேல் வெளியிட்ட குழந்தைகளுக்கான குடல்வால் மதிப்பெண் முறையில், இருமினாலோ தட்டினாலோ நொண்டியடித்தாலோ வலிப்பதற்கு மதிப்பெண் உண்டு. ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் இதோடு சேரும். அப்படியும் சில வயிறுகள் பிடி கொடுக்காது, குறிப்பாகச் சிறுமிகளுடையது. வலது சூலகம் முறுக்கிக்கொண்டாலும் அதே இடத்தில்தான் வலிக்கும்.

குடலிறக்கத்தின் கதை பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. ஆண் கருவின் விரை உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். ஏழாவது மாதத்தை ஒட்டி அது வயிற்றின் அடிச்சுவரைத் தாண்டி விரைப்பைக்கு இறங்குகிறது. அது இறங்கும் பாதையில் வயிற்று உள்ளுறையும் ஒரு சட்டைக் கை போல நீண்டு கூடவே போகிறது. பிறப்பை ஒட்டி அந்தக் கை சுருங்கி ஒட்டிப்போக வேண்டும். ஒட்டாமல் போனால், குழந்தை முக்கி அழும்போது குடலின் ஒரு வளையம் அந்தச் சட்டைக் கைக்குள் நழுவுகிறது; அழுகை அடங்கினால் திரும்பிப் போகிறது. வந்து ஒளியும் வீக்கத்தின் ரகசியம் இவ்வளவுதான். வலது விரை சற்றுப் பிந்தி இறங்குவதால் வலப்பக்கக் குடலிறக்கமே அதிகம். அவசரமாகப் பிறந்துவிட்ட குறைமாதக் குழந்தைகளிடம் கதவு மூடவே நேரம் இருந்திருக்காது. அவர்களில் இது பல மடங்கு கூடுதல். பெண் குழந்தைகளுக்கும் இப்படி ஒரு சிறு பாதை உண்டு. அவர்களிடம் குடலுக்குப் பதில் சூலகமே வந்து உட்காரலாம்.

கருவில் நடந்த இந்தப் பயணம் நமக்கு எப்படித் தெரியும்? கருவளர்ச்சியை நேரடியாகப் பார்த்தவர்கள் சொன்னது ஒரு பக்கம். வளர்ந்த உடலிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. நாலு தலைமுறைக்கு முன் மில் வேலைக்கென்று ராஜபாளையத்தில் வந்து குடியேறிய குடும்பத்தின் பூர்வீகத்தை அறிய ஒரு வழி, அவர்கள் குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்பது. உடலிலும் அப்படித்தான். விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி தொடையிலிருந்து கிளம்பவில்லை. சிறுநீரகத்தின் அருகே பெருந்தமனியிலிருந்து கிளம்பி, அத்தனை தூரமும் இறங்கி வருகிறது. உடல் தன் சொந்த ஊரை மறப்பதில்லை. மூச்சுக்கு உதவும் உதரவிதானம்கூடக் கருவில் கழுத்துப் பக்கம் தோன்றிக் கீழே இறங்கியதுதான். அதன் நரம்பு இன்றும் கழுத்திலிருந்தே வருகிறது. லேப்ராஸ்கோப்பி முடிந்த பிள்ளை மறுநாள், ‘வயித்துலதானே ஆபரேஷன் பண்ணாங்க, தோள்பட்டை ஏன் வலிக்குது?’ என்று கேட்பதற்கு விடை அங்கே இருக்கிறது. மிச்சமிருந்த வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. நரம்பு தன் பழைய ஊர்ப் பெயரைச் சொல்கிறது.

இரண்டு நோயும் ஒரே சிறுவனிடம் சந்தித்த கதை ஒன்று மருத்துவ வரலாற்றில் உண்டு. 1735 டிசம்பரில் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கிளாடியஸ் அமியாண்ட் என்ற அறுவை மருத்துவர் 11 வயதுச் சிறுவனின் குடலிறக்கத்தைத் திறந்தார். பைக்குள் இருந்தது குடல்வால். சிறுவன் எப்போதோ விழுங்கிய குண்டூசி அதைத் துளைத்திருந்தது. மயக்க மருந்து வருவதற்கு இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம். ஏறக்குறைய அரை மணி நேரம் நீடித்தது அந்த வேதனை, பையன் பிழைத்துக்கொண்டான். வெற்றிகரமாகக் குடல்வாலை அகற்றியதாகப் பதிவான முதல் அறுவை அதுதான். அமியாண்ட் குடல்வாலைத் தேடிப் போகவில்லை, திறந்த பிறகுதான் கண்டார். வயிற்றைப் பொறுத்தவரை வெகுகாலம் அப்படித்தான்: வெளியிலிருந்து ஊகம், திறந்த பிறகு அறிவு.

திறக்காமலே பார்க்க இரண்டு தடைகள். வெளிச்சம் ஒன்று, இடம் ஒன்று. வெளிச்சத்தின் கதையில் நம் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹரால்ட் ஹாப்கின்ஸ் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கட்டு வழியே படத்தைக் கடத்திக் காட்டினார். 1954இல் அந்தக் கட்டுரை வந்தது. இழை வந்ததால் விளக்கை வெளியே வைத்துவிட்டு ஒளியை மட்டும் உள்ளே அனுப்ப முடிந்தது. சூடான பல்பு வயிற்றுக்குள் போகும் அபாயம் ஒழிந்தது. அடுத்து ஹாப்கின்ஸ் செய்தது இன்னும் அழகு. பழைய உள்நோக்கிக் குழலில் நீளமான காற்றிடைவெளியும் நடுநடுவே மெல்லிய கண்ணாடி வில்லைகளும் இருக்கும். ஒளி வழியிலேயே தேய்ந்துவிடும். அவர் கணக்கைத் திருப்பிப் போட்டார். குழல் முழுக்க நீளக் கண்ணாடித் தண்டுகள். காற்று சின்னச் சின்ன இடைவெளிகளில் மட்டும். ஒரே தடிமனுள்ள குழலில் ஒளி பல மடங்கு கூடியது. அதனால்தான் குழலை மெலிதாக்க முடிந்தது. கைக்குழந்தையின் தொப்புளில் நுழையும் 3 மில்லிமீட்டர் உள்நோக்கி அந்த யோசனையின் பேரன்.

இடத்துக்கு வழி வாயு. ஜெர்மானியரான கேயார்க் கெல்லிங் 1901இல் ஒரு நாயின் வயிற்றைக் காற்றால் உப்ப வைத்து உள்ளே பார்த்துக் காட்டினார். இன்று நிரப்புவது காற்றல்ல, கார்பன் டை ஆக்சைடு. மின்சாரத்தால் திசுவைச் சுட வேண்டியிருப்பதால் நெருப்புக்குத் துணை போகாத வாயு வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒரு கோலி சோடாவில் இருக்கிறது. அழுத்தினால் இந்த வாயு தண்ணீரில் தாராளமாகக் கரைகிறது. ஆக்சிஜனைவிட இருபது மடங்குக்கு மேல். தவறிப்போய் ஒரு குமிழ் ரத்தக்குழாயில் புகுந்தாலும் கரைந்து, நுரையீரல் வழியே மூச்சோடு வெளியே போய்விடும். உடல் தினமும் தானே உண்டாக்கி வெளியேற்றும் பொருள்தானே அது. காற்றில் பெரும்பங்கான நைட்ரஜன் அப்படிக் கரையாது. குமிழ் குமிழாகவே நின்று உயிரை வாங்கும்.

பச்சைக் குழந்தையின் வயிற்றில் வாயுவை நிரப்புவதா என்ற பதற்றம் நியாயமானது. அளவைச் சொன்னால் கொஞ்சம் தெளியும். நம் ரத்த அழுத்தத்தை 120, 80 என்று எந்த அலகில் சொல்கிறோமோ, அதே அலகில் குழந்தை வயிற்றுக்குக் கொடுப்பது ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள்; கைக்குழந்தைக்கு அதிலும் கீழ்ப்படி. குழந்தை இருமும்போது வயிற்றுக்குள் எழும் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. ஆனால் இருமல் கணத்தில் போய்விடும், வாயுவோ அரை மணி நேரம் நிற்கும். அந்த நேரம் முழுக்க உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரலுக்கு இடம் குறையும். ரத்தத்தில் கலக்கும் வாயுவை வெளியேற்ற மூச்சைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு மூச்சிலும் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளந்து காட்டும் கருவியும், அதைப் படித்து மூச்சைத் திருத்தும் மயக்க மருத்துவரும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. பெற்றோர் அறுவை மருத்துவரின் பெயரைத்தான் விசாரிக்கிறார்கள். மயக்க மருத்துவருக்குக் குழந்தைகளிடம் பழக்கம் உண்டா என்று கேட்பவர் குறைவு.

தொப்புள் ஏன் வாசலாயிற்று என்பதற்கும் காரணம் உண்டு. மனிதர் எல்லாருக்கும் உள்ள பழைய தழும்பு அது. வயிற்றுச் சுவர் மிக மெல்லிதாக இருப்பதும் அங்கேதான். அங்கே உள்நோக்கி போகும். வேறு ஓரிரு துளைகளில் கோல் போன்ற கருவிகள் போகும். துளையே அச்சாகிவிடுவதால், ஏற்றக்கோல் போல, கையை வலப்பக்கம் அசைத்தால் முனை இடப்பக்கம் போகும். இதற்கே தனிப் பழக்கம் வேண்டும். குழந்தையிடம் அது இரட்டிப்புக் கஷ்டம். மூன்று கிலோக் குழந்தையின் வயிற்றை உப்பினால் கிடைக்கும் இடம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கும் குறைவு. அதே குழந்தையிடம் ஒரு வசதியும் உண்டு. வயிற்றுச் சுவர் மெலிந்து நெகிழ்ந்திருப்பதால், பல பிள்ளைகளுக்குத் தொப்புளில் ஒரே துளை போதும். குடல்வாலைப் பிடித்து அந்தத் துளை வழியே வெளியே இழுத்து, கண் முன்னாலேயே கட்டி வெட்டி, மிச்சத்தை உள்ளே விட்டுவிடலாம். குடல்வாலை முழுக்க லேப்ராஸ்கோப்பியில் அகற்றிய முதல்வர் ஜெர்மனியின் கீல் நகரத்து மகப்பேறு மருத்துவர் கூர்ட் செம். ஆண்டு 1980. பாராட்டுக்குப் பதிலாக, அவரை மருத்துவத் தொழிலிலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத்தின் தலைவரே கடிதம் எழுதினார். பத்து ஆண்டுக்குள் காற்று மாறியது. 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹெம்டன் உத்வாடியா இந்தியாவில் முதன்முறையாக இப்படிப் பித்தப்பையை அகற்றினார்.

கூர்ட் செம்மைத் திட்டியவர்கள் எல்லாரும் மூடர்கள் அல்லர். சின்னத் துளை அழகு என்பதற்காக ஒரு முறையை ஏற்க முடியாது. நன்மை இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்கு ஒரே வழி, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரு குழுவாகப் பிரித்து இரு முறையையும் செய்து பார்ப்பது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2018இல் அப்படிப்பட்ட 85 ஆய்வுகளைத் திரட்டியது. அவற்றில் 10 குழந்தைகளைப் பற்றியவை. குழந்தைகளிடம் லேப்ராஸ்கோப்பிக்குப் பின் காயத்தில் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்தது. மருத்துவமனையில் தங்கும் காலத்தில் ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவான நேரம் மிச்சமானது. வயிற்றுக்குள் சீழ்க்கட்டி வருவதில் குழந்தைகளிடம் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாள் மிச்சம் பெரிதா என்று கேட்கலாம். என் கணக்கில் பெரிய லாபம் இந்த எண்களில் ஏறாதது. சந்தேக வயிற்றில் உள்நோக்கி நுழைந்ததும் குடல்வாலும் தெரிகிறது, சூலகமும் தெரிகிறது, சிறுகுடலும் தெரிகிறது. பழைய சாய்வு வெட்டில் வலப்பக்க மூலை மட்டுமே தெரியும். குடல்வால் சும்மா இருந்தால் குற்றவாளியைத் தேடி வெட்டை நீட்ட வேண்டியதுதான்.

ஆனால் பார்ப்பதும் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல. குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் என்றால் லிட்டர் கணக்கில் உப்புநீர் விட்டு அலச வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். வீட்டில் அழுக்கு இருந்தால் அலசித்தானே விடுகிறோம்? அமெரிக்காவில் வெடித்த குடல்வாலோடு வந்த 220 குழந்தைகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு அலசி உறிஞ்சினார்கள், பாதிப் பேருக்கு உறிஞ்சி மட்டும் விட்டார்கள். 2012இல் முடிவு வந்தது. இரு பக்கமும் சீழ்க்கட்டி வந்தது நூற்றுக்குப் பதினெட்டு, பத்தொன்பது. அலசியதில் ஒரு பலனும் இல்லை.

குடலிறக்கத்துக்கு வருவோம். பெரியவர்களிடம் தசைச்சுவர் தளர்ந்துபோவதால் வலை வைத்துத் தைப்பார்கள். குழந்தையிடம் சுவர் நன்றாகவே இருக்கிறது, மூடாத கதவுதான் குறை. வலை தேவையில்லை, அந்தச் சட்டைக் கையின் வாயை மேலே கட்டிவிட்டால் போதும். திறந்த முறையில் தொடை இடுக்கின் மடிப்பில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டு, அரை மணி நேர வேலை. கஷ்டம் எங்கே என்றால், உறைமேல் விரையின் ரத்தக்குழாயும் விந்துக்குழாயும் ஒட்டிக்கொண்டு போகின்றன. கைக்குழந்தையின் விந்துக்குழாய் தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதை நசுக்காமல் பிரிக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் உள்ளே இருந்து பார்த்தால் கதவின் வாய் ஒரு வட்டக் குழி போலத் தெரியும். தோலின் வழியே ஒரு ஊசியை நுழைத்து, உறைக்கும் தசைக்கும் நடுவே நூலை அந்த வட்டத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சிடுகிறார்கள். பாட்டியின் சுருக்குப்பை தெரியும் அல்லவா? நாடாவை இழுத்தால் வாய் மூடும், அதே வேலைதான். வழியில் விந்துக்குழாய் வரும் இடத்தில், ஊசி வழியே கொஞ்சம் உப்புநீரைச் செலுத்துகிறார்கள். நீர் உறையை மட்டும் உப்ப வைத்துத் தூக்குகிறது, குழாய்கள் கீழேயே நிற்கின்றன. ஊசி அந்த நீர்ப்பாலத்தின் மேலே கடந்துவிடும். ஹாங்காங்கிலும் ஜப்பானிலும் இந்த வகை நுட்பங்கள் பக்குவப்பட்டன.

உள்ளே பார்க்கும்போது எதிர்ப்பக்கக் கதவும் தெரியும். இங்கேதான் பார்வை தொல்லையாகிறது. ஒரு பக்கம் குடலிறக்கம் உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு வாக்கில் மறுபக்கக் கதவும் கொஞ்சம் திறந்திருக்கும். பார்த்ததும் ‘அதையும் மூடிவிடலாம்’ என்று கை அரிக்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சரிசெய்த குழந்தைகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்து எண்ணியபோது, மறுபக்கத்தில் உண்மையிலேயே குடலிறக்கம் வந்தது நூற்றில் ஏழு பேருக்கு. பெரியவர்களிலேயே ஐந்தில் ஒருவர் வாக்கில் மூடாத கதவோடு ஆயுள் முழுக்க நிம்மதியாக இருக்கிறார்கள். திறந்த கதவு வேறு, குடலிறக்கம் வேறு. ஏழு பேரைக் காக்க மீதிப் பேரின் விந்துக்குழாய்க்குப் பக்கத்தில் ஊசி போடுவது சரியா? இன்னொரு மயக்க மருந்து மிச்சம் என்பார்கள் ஒரு சாரார். தேவையில்லாத வேலை என்பார்கள் மறுசாரார். இருபுறமும் குடலிறக்கம், பெண் குழந்தை, மறுபடி வந்த குடலிறக்கம் இவற்றில் லேப்ராஸ்கோப்பி தெளிவாக மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே பக்கம், பையன், பழகிய கை என்றால் மடிப்பிலுள்ள சின்ன வெட்டு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அதை ‘பழைய முறை’ என்று ஒதுக்குவது விளம்பரத்தின் பேச்சு.

எல்லாம் சரி, கத்தியே வேண்டாமே, ஆன்டிபயாட்டிக் போதாதா என்ற கேள்வி குடல்வாலில் இப்போது பலமாக எழுந்திருக்கிறது. அதையும் சோதித்துவிட்டார்கள். ஐந்து நாடுகளில் 5 முதல் 16 வயது வரையுள்ள 936 பிள்ளைகள், குடல்வால் வெடிக்காதவர்கள். 2025இல் வெளியான முடிவு: ஒரு வருடத்துக்குள் மருந்து மட்டும் தோற்றது 34 சதவீதம், அறுவையில் அது 7 சதவீதம். மூன்றில் இருவர் கத்தியில்லாமல் தப்பினார்கள் என்றும் இதைப் படிக்கலாம்; பொய்யில்லை. ஆனால் மறுபடி வலி வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரி போக முடிகிற வீட்டுக்கும், ஷிப்டு வேலையில் இருக்கும் தாய் தகப்பன் உள்ள மலையடிவாரத்து வீட்டுக்கும் அந்த மூன்றில் ஒன்று ஒரே எடை உள்ளதல்ல.

மயக்க மருந்து குழந்தையின் மூளையைக் கெடுக்குமா? இந்தப் பயத்துக்கு விடை குடலிறக்கக் குழந்தைகளிடமிருந்தே கிடைத்தது. ஏழு நாடுகளில் 28 மருத்துவமனைகளில் 722 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு முழு மயக்கம், பாதிப் பேருக்கு விழித்த நிலையிலேயே முதுகில் ஊசி என்று குடலிறக்கத்தைச் சரிசெய்தார்கள். பிள்ளைகளுக்கு ஐந்து வயதானபோது அறிவுத்திறனை அளந்தார்கள். 2019இல் வெளியான கணக்கில் இரு குழுவின் சராசரியும் 99ஐ ஒட்டியே இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஒரே மயக்கம் பற்றி இனி பதற வேண்டாம். குறைமாதக் குழந்தைகளின் சங்கதி மட்டும் வேறு. மயக்கத்துக்குப் பின் அவர்கள் மூச்சு விட மறந்துபோகலாம். அமெரிக்காவில் 338 குறைமாதக் குழந்தைகளிடம், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போகுமுன் குடலிறக்கத்தைச் சரிசெய்வதா, சில மாதம் பொறுப்பதா என்று பார்த்தார்கள். கடுமையான சிக்கல் முன்னதில் 28 சதவீதம், பொறுத்தவர்களில் 18 சதவீதம். 2024இன் முடிவு இது. இந்தப் பொறுமை குறைமாதக் குழந்தைக்கு, அதுவும் மருத்துவர் கண்காணிப்பில். நிறைமாதக் குழந்தைக்கு ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று வருடக்கணக்கில் காத்திருப்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டக் கூடாது. தொப்புள் துருத்திக்கொண்டு நிற்பது பெரும்பாலும் தானாக மூடும். காசு வைத்துக் கட்டியவர்கள் காசுதான் மூடியது என்று நம்புகிறார்கள். கவட்டைக் குடலிறக்கம் அப்படி மூடாது, நடுவில் குடல் சிக்கிக்கொள்ளலாம். முதல் வருடத்தில்தான் அந்த அபாயம் மிக அதிகம்.

ஊர்ப் பேச்சில் லேப்ராஸ்கோப்பியை ‘லேசர்ல பண்ணிட்டாங்க’ என்கிறார்கள். இதில் லேசர் எதுவும் இல்லை, கண்ணாடித் தண்டும் கேமராவும்தான். பெயர்ப் பிழையை விட்டுவிடலாம். அதற்கு லேசர் விலை கொடுக்கத் தேவையில்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி வெளிநாடுகளுக்கெல்லாம் போகிறது. அந்தத் துணி இந்த ஆபரேஷனில் விரலகலம்தான் வேண்டியிருக்கும் என்றாலும், துளை சின்னதாவதால் உள்ளே நடக்கும் வேலை சின்னதாகிவிடாது. பத்து வயதுப் பிள்ளையின் குடல்வாலை அனுபவமுள்ள பொது அறுவை மருத்துவர் உள்ளூரிலேயே பார்த்துவிடலாம். கைக்குழந்தையின் குடலிறக்கம் குழந்தை அறுவை மருத்துவரிடம் போக வேண்டியது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அந்தத் துறை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் வாக்கில். 2022இல் விருதுநகரிலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. போகும் நேரத்தில் குடல்வால் வெடித்துவிடாதா என்றால், வெடிக்காத குடல்வால் உள்ள பெரியவர்களிடம் 8 மணி நேரத்துக்குள் அறுவை, 24 மணி நேரத்துக்குள் அறுவை என்று ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வில், வெடித்தது 8 சதவீதமும் 9 சதவீதமும்தான். குழந்தைகளுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். இருந்தாலும் சொட்டும் ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகும் இரண்டு மணி நேரத்தைவிட, விளக்கெண்ணெய் வைத்துக் காத்திருந்த ராத்திரிதான் கணக்கில் பெரியது. செலவுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பமானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இது வருமா என்று தேதி குறிப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

ஒளிந்து விளையாடும் புடைப்பைக் கண்டால் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் அது ஒளிந்துகொண்டாலும் படம் பேசும். அந்தப் புடைப்பு கல் போல இறுகி, குழந்தை அழுகையை நிறுத்தாமல், பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் சிக்கியிருக்கிறது. அப்போது துளையா வெட்டா என்று யோசிக்க நேரமில்லை. பாலோ தண்ணீரோ கொடுக்காமல், மணி எத்தனையானாலும் 108க்குக் கூப்பிடுங்கள்.